"ஏப்ரல் 14" எண்டு ரிலீஸ் திகதி போடலாமா?

இரண்டுபேர்_ஸ்டூடியோ
9 செப்டெம்பர் 2025, இரவு 9.40

நாங்கள் ரெண்டு பேர். ஒராள் கோட், ஒராள் படம். 2டி புதிர் கேம். 24 லெவல், 17 முடிஞ்சுது. ஸ்டீம் (கேம் விக்கிற இணையக் கடை) பக்கம் இன்னும் திறக்கேல்ல. சில்க்சோங் எண்ட கேம் திகதி சொல்லி ரெண்டே கிழமையில வெளிய வந்திட்டுது, நாங்களும் அப்பிடிக் கடைசியில சொல்லுவம் எண்டு ஒராள். இல்லை, இப்பவே "2026 ஏப்ரல் 14, புத்தாண்டு ரிலீஸ்" எண்டு போடுவம், கழுத்தில கத்தி இருந்தாத்தான் வேலை நடக்கும் எண்டு மற்றாள். எது சரி?

பில்ட்_உடைஞ்சது
9 செப்டெம்பர், இரவு 10.55

ரெண்டும் பிழை.

சில்க்சோங்கின்ர அந்த ரெண்டு கிழமைக்கு முன்னால ஆறரை வருஷம் கிடக்கு. 2019 பெப்ரவரியில அறிவிச்சவை. 2022 ஜூனில எக்ஸ்பொக்ஸ் நிகழ்ச்சியில காட்டினவை, அதில வந்ததெல்லாம் 12 மாதத்துக்குள்ள விளையாடலாம் எண்டு பேச்சு. 2023 மே மாதம், முதல் அரையாண்டில வராது எண்டு ஒரு சின்னக் குறிப்பு. பிறகு கிட்டத்தட்ட மௌனம். இந்த வருஷம் ஓகஸ்ட் 21 திகதி சொல்லி, செப்டெம்பர் 4 விட்டவை. விட்ட நேரம் ஸ்டீம் கடையே விழுந்துபோச்சு. சனம் ஏற்கெனவே வாசலில நிண்டது, கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் எண்டு சொல்ல 14 நாள் காணும். உங்கட வாசலில ஆர் நிக்கினம்?

கத்தி வேணுமெண்டா அதை உங்கட வாட்ஸ்அப்பில வையுங்கோ. அங்க திகதி தள்ளிப்போனா ரெண்டு பேருக்குத்தான் கோபம் வரும்.

பில்ட்_உடைஞ்சது
10 செப்டெம்பர், காலை 7.15

நேற்றுக் கணக்கு எழுதாமல் விட்டிட்டன்.

"மிச்சம் 7 லெவல்" எண்டு எண்ணாதேங்கோ. மிச்சமுள்ள வேலை முழுக்க ஒரு ஷீட்டில எழுதி, ஒண்டும் ஒரு நாளைத் தாண்டாத அளவுக்கு உடையுங்கோ. "மெனு" எண்டு ஒரு வரி இருந்தா அது பத்து வேலை: கன்ட்ரோலரால மெனுவுக்குள்ள ஓடுறது, சத்தம் கூட்டிக் குறைக்கிறது, ஸ்கிரீன் அளவை மாத்தினாப் பிறகு பட்டன் எல்லாம் இருந்த இடத்திலயே இருக்கிறது, சேவ் ஃபைலை அழிக்கேக்க ஒருக்காத் திருப்பிக் கேக்கிறது, இப்பிடி.

பிறகு ஆறு கிழமைக்கு ஒவ்வொரு ஞாயிறும் ரெண்டு எண் எழுதுங்கோ. மூடினது எத்தனை, புதுசா முளைச்சது எத்தனை. 38 வேலை மிச்சம், கிழமைக்கு 9 மூடுறீங்கள் எண்டு வைப்பம். 38ஐ 9ஆல பிரிச்சா நாலு கிழமைச் சொச்சம். எல்லாரும் திகதி சொல்லுறது இந்த இடத்தில நிண்டுதான். ஆனா கிழமைக்கு 5 புதுசா முளைக்குது. உண்மையாக் குறையிறது 4. அப்ப ஒன்பதரைக் கிழமை. மூடுறதும் முளைக்கிறதும் சமனா இருந்தா, எந்தத் திகதி சொன்னாலும் அது சாத்திரம்.

அதுக்கு மேல ஸ்டீம் எடுக்கிற நேரம். முதல் கேமுக்கு 100 டொலர் கட்டினாப் பிறகு 30 நாள் போகாமல் வெளிய விட ஏலாது. "விரைவில்" பக்கம் குறைஞ்சது ரெண்டு கிழமை வெளிய தெரியோணும். பக்கத்தை ஒருக்கா, பில்டை (ஏத்தின கேமை) ஒருக்கா எண்டு தனித்தனியாப் பார்ப்பினம், ஒவ்வொண்டுக்கும் 3 முதல் 5 வேலை நாள். திருப்பினா அந்த நாளெல்லாம் முதல்ல இருந்து. திருப்புற காரணம் அனேகமாச் சில்லறையா இருக்கும். பக்கத்தில "கன்ட்ரோலர் முழு ஆதரவு" எண்டு டிக் போட்டிருக்கும், பில்டில பெயர் எழுதுற இடம் வந்தவுடன கீபோர்ட் வேண்டிக் கிடக்கும்.

ரிலீஸுக்கு 14 நாளுக்குள்ள வந்திட்டா நீங்களாத் திகதியை மாத்தவும் ஏலாது. ஸ்டீமை நடத்துற வால்வுக்கு எழுதிக் கேக்கோணும்.

மூன்றாம்_குறுக்கு
10 செப்டெம்பர், மதியம் 1.05

ஏப்ரல் 14 எண்டதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லயே. அது செவ்வாய்க்கிழமை, கிழமைநாள் எண்ட வகையில பரவாயில்லை. ஆனால் புத்தாண்டுக் கிழமையில கொழும்பில பாண் வாங்கவே அலையோணும். படம் கீறுற ஆள் ஊருக்குப் போயிருப்பார், பஸ்ஸில சிக்னல் இருக்காது. ரிலீஸில வாற பிழைகளில (பக்) பெரிய பங்கு முதல் 48 மணித்தியாலத்தில வெளிய வரும். ஆர் இருந்து திருத்தம் (பேட்ச்) போடுறது?

மற்றது, உங்கட கேமை வாங்கப்போற ஆக்களில அரைவாசிக்கு மேல புத்தாண்டு எண்டா ஜனவரி 1 எண்டு நினைக்கிற ஆக்கள். பலகாரம் செய்யிறதுக்கும் ரிலீஸ் செய்யிறதுக்கும் ஒரே நாளை எடுக்காதேங்கோ.

கிறுக்கல்
10 செப்டெம்பர், இரவு 8.30

பில்ட் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. திகதியே சொல்லாவிட்டால் ஸ்ட்ரீமர் எந்தக் கிழமைக்கு உங்களை ஒதுக்குவார்? விமர்சனம் எழுதுகிறவருக்கு கேமைத் திறக்கும் கீ அனுப்பினால் முதல் கேள்வி "எப்போது வருகிறது?" என்பதுதான். ஸ்டீமின் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வருடத்தில் மூன்று முறை வருகிறது, பெப்ரவரி, ஜூன், ஒக்டோபர். ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் சேரலாம், அதுவும் வெளிவருவதற்கு முன்னர். திகதி தெரியாமல் எந்த ஃபெஸ்டில் சேருவது? சீக்கிரம் சேர்ந்து, பிறகு ஒரு வருடம் தள்ளிப்போனால் அந்த ஒரு சீட்டும் கிழிந்துவிட்டது.

பில்ட்_உடைஞ்சது
11 செப்டெம்பர், காலை 6.50

ஒத்துக்கொள்ளுறன். நேற்று எழுதினது "திகதியே சொல்லாதேங்கோ" எண்டமாதிரி விழுந்திட்டுது.

திருத்திச் சொல்லுறன். திகதியைக் கேக்கிற ஆக்கள் ரெண்டு வகை. ஸ்ட்ரீமர், விமர்சகர், மொழிபெயர்ப்பாளர், கடை: இவைக்கு நாள் வேணும், ஏனெண்டா இவை தங்கட நாளை உங்களுக்காக ஒதுக்கினம். இவைக்குத் தனியா ஈமெயிலில சொல்லலாம், "இன்னும் உறுதி இல்லை" எண்டும் சொல்லலாம், கோவிக்க மாட்டினம். விளையாடுற சனம் வேற. அவைக்கு வேண்டியது "இது செத்துப்போகேல்ல" எண்ட நம்பிக்கை. அதுக்கு நாள் தேவையில்லை, அடுத்த சின்னச் சாமான் ஒண்டு காணும்.

ஸ்டீமே இதுக்கு இடம் விட்டிருக்கு. உள்ளுக்கு ஒரு நாளைக் குறிச்சுவைச்சு, வெளிய வருஷம் மட்டும், காலாண்டு மட்டும், மாதம் மட்டும், இல்லாட்டி வெறுமன "விரைவில்" எண்டு காட்டலாம். நான் சொல்லுற படிகள் இவைதான். முதல் லெவலில இருந்து கடைசி லெவல்வரை ஒருக்கா விளையாட ஏலுமெண்டா, சாமானெல்லாம் அசிங்கமாக் கிடந்தாலும், வருஷம் போடுங்கோ. புதுசா ஒண்டும் சேர்க்கிறேல்ல எண்டு பூட்டின பிறகு காலாண்டு. மேல எழுதின ஞாயிற்றுக் கணக்கு தொடர்ந்து நாலு கிழமை ஒரே முடிவைத் தந்தா மாதம். பில்டை ஸ்டீம் பாத்துச் சரி எண்ட பிறகு நாள்.

கடைசிப் படியை ஒருத்தரும் நம்பிறேல்ல. "பில்ட் ஓகே ஆன பிறகே திகதி சொன்னா விளம்பரத்துக்கு எங்க நேரம்?" எண்டு கேப்பினம். நாலு முதல் ஆறு கிழமை இருக்கும். ஓகே ஆன பில்டுக்கு மேல பேட்ச் போடலாம், ஸ்டீம் திரும்பப் பாக்கிறேல்ல. கொன்சோலில அப்பிடி இல்லை, அங்க ஒவ்வொரு பேட்சும் சோதனைக்குப் போகும். அதால ஸ்டீமும் ஸ்விட்ச் கொன்சோலும் ஒரே நாள் எண்டு சொல்லுறது ரெண்டு பேர் ஸ்டூடியோவுக்குத் தற்கொலை.

மூன்றாம்_குறுக்கு
11 செப்டெம்பர், காலை 9.20

"கோல்ட்" (வேலை முடிஞ்சு வெளியிடத் தயார்) ஆனாலும் நம்ப ஏலாது. சைபர்பங்க் 2077 எண்ட கேமை 2020 ஒக்டோபர் 5 கோல்ட் எண்டவை, ஒக்டோபர் 27 திரும்பத் தள்ளினவை. நவம்பர் 19 இருந்தது டிசம்பர் 10 ஆச்சுது. பெரிய கொம்பனி, இண்டி இல்லை. ஆனாலும் பில்டின்ர கடைசிப் படிக்கு ஒரு ஓட்டை.

பில்ட்_உடைஞ்சது
11 செப்டெம்பர், மதியம் 12.40

ஓட்டைதான். ஆனா அவை ஒரே நாளில பழைய கொன்சோல், புது கொன்சோல், பீசி எல்லாத்திலயும் விட நிண்டவை. மேல சொன்ன அதே வருத்தம்.

அதே கதையில ஒரு பகிடி இருக்கு. ஃபக்டோரியோ எண்ட கேமின்ர 1.0 பதிப்பு 2020 செப்டெம்பர் 25 வாறதா இருந்தது. சைபர்பங்க் செப்டெம்பர் 17 எண்டவுடன, அதுக்குள்ள நசுங்காமல் ஆறு கிழமை முன்னால இழுத்து ஓகஸ்ட் 14 ஆக்கினவை. லொறிக்கு வழி விட்டாப் பிறகு லொறி வேற ரோட்டால போயிட்டுது. ஆனாலும் ஓகஸ்ட் 14ஐயே வைச்சிருந்து விட்டவை. முன்னால இழுக்க ஏலுமா இருந்தது ஏன்? வேலை ஏற்கெனவே முடிஞ்ச நிலையில இருந்தது. பின்னால தள்ள ஆருக்கும் ஏலும்.

இந்த மாதம் இன்னொரு லொறிக்கு வழி விட்டது டெமன்ஸ்கூல் எண்ட கேம். செப்டெம்பர் 3 வர இருந்தது, சில்க்சோங் 4 எண்டவுடன நவம்பர் 19க்கு மாத்திச்சினம். அதுக்கு ஒருத்தரும் கோவிக்கேல்ல. காரணம் எல்லாருக்கும் தெரிஞ்ச காரணம், புது நாளும் அதே அறிவிப்பிலயே இருந்தது.

இரண்டுபேர்_ஸ்டூடியோ
13 செப்டெம்பர், இரவு 11.10

தள்ள வேண்டி வந்தா எப்பிடி எழுதுறது? நாங்கள் மாதிரிக்கு எழுதிப் பாத்தது:

"அன்பான விளையாட்டாளர்களே, எதிர்பாராத சில காரணங்களால் எமது கேமின் வெளியீடு சிறிது தாமதமாகும். உங்களுக்கு மிகச் சிறந்த அனுபவத்தைத் தருவதே எமது நோக்கம். தொடர்ந்து ஆதரவு தாருங்கள்."

பில்ட்_உடைஞ்சது
14 செப்டெம்பர், காலை 8.05

இதில மூண்டு வரி இருக்கு, தகவல் ஒண்டும் இல்லை. "எதிர்பாராத" எண்டா ஏதோ ஒளிக்கிறீங்கள். "சிறிது" எண்டதை ஒராள் பத்து நாள் எண்டு எடுப்பார், ஒராள் பத்து மாதம் எண்டு எடுப்பார். "மிகச் சிறந்த அனுபவம்" எண்டு எல்லாரும் எழுதினம், அதைப் பாத்தவுடன கண் தானாத் தாண்டிப் போகும். வாசகம் மரண அறிவித்தல் மாதிரி வேற.

இப்பிடி எழுதுங்கோ:

"ஏப்ரலில் வராது. புதிய மாதம் ஜூன். காரணம்: லெவல் 12ஐத் தாண்டிய பிறகு சேவ் ஃபைல் சில நேரம் உடைகிறது, உடைந்த சேவ் மீளாது. சேவ் பண்ணும் பகுதியை முழுக்கத் திரும்ப எழுதுகிறோம். டெமோவில் இந்தப் பிரச்சினை இல்லை, அது லெவல் 6உடன் நிற்கிறது. அடுத்த தகவல் மார்ச் 20 வெள்ளிக்கிழமை, வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும்."

முதல் சொல்லிலயே விஷயம். காரணம் சோதிச்சுப் பாக்கக்கூடியது. டெமோ விளையாடினவனுக்குத் தன்ர சேவ் பாதுகாப்பா எண்ட பயம் வரும், அதுக்கும் பதில் இருக்கு. கடைசி வரிதான் முக்கியம்: அடுத்து எப்ப கதைப்பீங்கள் எண்ட நாள். அந்த நாளைத் தவறவிடாதேங்கோ. கேமின்ர திகதி தவறினா மன்னிப்பினம், கதைக்கிறன் எண்ட நாள் தவறினா அவ்வளவுதான்.

தள்ளுறதை எப்ப சொல்லுறது எண்டும் கேப்பீங்கள். தெரிஞ்ச அண்டைக்கு. அதோட பழைய திகதி எழுதியிருக்கிற இடமெல்லாம் ஒரே நேரத்தில மாத்தோணும்: ஸ்டீம் பக்கம், ட்ரெய்லரின்ர கடைசிப் படம், டிஸ்கோர்ட் அரட்டையில பின் பண்ணின செய்தி, எக்ஸ் பயோ, அனுப்பின பிரஸ் கிட். ட்ரெய்லரைத்தான் எல்லாரும் மறப்பினம். யூடியூபில ஏத்தின வீடியோவை மாத்த ஏலாது. அதால ட்ரெய்லருக்குள்ள நாளை எரிச்சு வைக்காதேங்கோ. "விஷ்லிஸ்ட் பண்ணுங்கோ" (ஸ்டீமில விருப்பப் பட்டியலில சேருங்கோ) எண்டு முடியுங்கோ.

பில்ட்_உடைஞ்சது
14 செப்டெம்பர், காலை 8.30

மறந்தது: முதல் தரம் தள்ளேக்க தேவையானதை விடக் கூடத் தள்ளுங்கோ. கணக்கு ஆறு கிழமை எண்டா பத்து சொல்லுங்கோ. ஒருக்காத் தள்ளினா அது செய்தி. ரெண்டாந்தரம் தள்ளினா அது உங்கட பழக்கம் எண்டு எடுத்திடுவினம்.

கிறுக்கல்
16 செப்டெம்பர், மாலை 6.15

பணம் வாங்கிய பிறகு கதை மாறும். டபிள் ஃபைன் ஸ்டூடியோ 2012இல் மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது 4 இலட்சம் டொலர், வந்தது 33 இலட்சத்துக்கு மேல். அதே ஆண்டு ஒக்டோபரில் தருவதாக எழுதியிருந்தார்கள். அந்தக் கேமான புரோக்கன் ஏஜ் முதல் பாகம் 2014 ஜனவரி, இரண்டாம் பாகம் 2015 ஏப்ரல். பணம் எட்டு மடங்கானது, கேமும் அதோடு வீங்கியது, திகதி மட்டும் பழைய அளவிலேயே கிடந்தது. அளவை மாற்றும் அன்றே திகதியையும் மாற்ற வேண்டும். நல்ல செய்தியோடு சேர்த்துச் சொன்னால் கோபம் குறைவு.

ஏர்லி அக்ஸெஸ் (முடியாத கேமையே விற்கத் தொடங்குவது) யோசிப்பவர்களுக்கு: எதிர்காலத்தில் என்ன வரும் என்று குறிப்பாக வாக்குக் கொடுக்காதீர்கள் என்று ஸ்டீமே சொல்கிறது. இந்த வருடம் பெப்ரவரியில் இருந்து, நீண்டகாலம் அப்டேட் இல்லாத ஏர்லி அக்ஸெஸ் கேமின் பக்கத்தில் கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டியும் போடுகிறார்கள். மௌனத்துக்கு இப்போது கடையே சாட்சி.

மூன்றாம்_குறுக்கு
16 செப்டெம்பர், இரவு 7.00

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் எண்ட கேமின்ர ஸ்டீம் பக்கத்தில திகதி இருக்கவேண்டிய இடத்தில "காலம் என்பது அவரவர் மனம்" எண்டமாதிரி ஒரு வரி போட்டு வைச்சிருந்தவை. 2019 இல அறிவிச்சது, 2022 டிசம்பர் 6 வந்தது. ஒருத்தரும் ஏசேல்ல. பதினாறு வருஷமா இலவசமாக் குடுத்துக்கொண்டிருந்த ஆக்கள் எண்டா அப்பிடி எழுதலாம்.

இரண்டுபேர்_ஸ்டூடியோ
18 செப்டெம்பர், இரவு 10.20

ஆண்ட்ராய்டிலயும் விடுற எண்ணம். கூகிள் ப்ளேயில 20 பேர் டெஸ்டர் வேணும் எண்டு கேள்விப்பட்டம். உண்மையோ?

பில்ட்_உடைஞ்சது
18 செப்டெம்பர், இரவு 10.45

பழைய எண். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குக்குத்தான் இந்த விதி. முதல்ல 20, 2024 டிசம்பரில 12 ஆக்கிட்டினம். 12 பேரும் தொடர்ந்து 14 நாள் உள்ளுக்க இருக்கோணும். அதால 12 பேரைச் சேர்க்காதேங்கோ, 18 சேருங்கோ. ஒன்பதாம் நாள் ரெண்டு பேர் போன் மாத்துவினம், ஒராள் "இடம் காணாது" எண்டு வெளியேறுவார். 14 நாள் முடிஞ்சாப் பிறகுதான் வெளியிட அனுமதி கேக்கலாம், அதைப் பாக்க இன்னும் நாள் போகும். ஸ்டீமுக்குச் சொன்ன நாளை ஆண்ட்ராய்டுக்கும் சொன்னா இந்த நாளெல்லாம் கணக்கில விழாமல் போகும்.

கிறுக்கல்
25 செப்டெம்பர், மாலை 5.40

டிஸ்கோர்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. திகதி கசிவது அறிவிப்பால் அல்ல, அரட்டையால். மொடரேட்டராக இருக்கும் தம்பி ஒருவர் நல்ல மனதோடு "அனேகமா அடுத்த மாதம்" என்பார். அது ஸ்கிரீன்ஷொட்டாக ரெடிட்டுக்குப் போய் "டெவ் உறுதி செய்தார்" ஆகும். திகதி பற்றிப் பேசுகிறவர் ஒரே ஒருவராக இருக்கட்டும். மற்ற எல்லோருக்கும் ஒரே வரி: "பின் பண்ணியதைப் பாருங்கள்."

தினமும் "எப்ப?" என்று கேட்கிற ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். அவரைத் தடை செய்யாதீர்கள். டெமோ டெஸ்டராக எடுங்கள். அவரைவிட அக்கறையாக பக் எழுதித் தர ஆள் கிடைக்காது.

பில்ட்_உடைஞ்சது
2 ஒக்டோபர், இரவு 9.15

ரிலீஸ் இரவு பற்றிக் கொழும்புக் கணக்கு. ஸ்டீமில அனேகமா பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு விடுவினம். எங்களுக்கு இரவு 10.30. நேரம் வந்தவுடன தானா வெளியாகாது, பட்டனை நீங்கள்தான் அமத்தோணும். அமத்தினாப் பிறகு விஷ்லிஸ்ட் ஆக்களுக்கு ஈமெயில் போகத் தொடங்கும், திருப்பி எடுக்க ஏலாது.

முதல் பக் ரிப்போர்ட் 11 மணிக்கு வரும், விடிய மூண்டு மணிவரை வந்துகொண்டே இருக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள விளையாடினதை 14 நாளுக்குள்ள திருப்பிக் குடுத்துக் காசு வாங்கலாம் எண்டதால, முதல் லெவலில விழுற கேமுக்கு இரவோட இரவாக் காசு திரும்பிப் போகும். அதால அண்டைக்குப் பகல் நித்திரை கொள்ளுங்கோ. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், போனில டேட்டா. பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போனமாதிரி ஒரு நாளும் வரலாம்.

வெளியான கேமுக்குப் பேட்சை எல்லாருக்கும் விடேக்க, 2023 ஒக்டோபரில இருந்து போனுக்குக் கோட் வரும். அந்தப் போன் ஆற்றை கையில இருக்கு எண்டு முதலே பாருங்கோ. அண்டைக்கு அந்த ஆள் பிளேனில இருந்தா பேட்ச் பில்ட் ஆகி, ஏத்தி, அப்பிடியே கிடக்கும்.

பில்ட்_உடைஞ்சது
3 ஒக்டோபர், காலை 7.00

நேற்று எழுதின 10.30 எல்லா மாதத்துக்கும் சரிவராது. நவம்பர் 2 அமெரிக்காவில மணிக்கூட்டை மாத்துவினம். அதுக்குப் பிறகு மார்ச் வரைக்கும் எங்களுக்கு 11.30.

இரண்டுபேர்_ஸ்டூடியோ
21 ஒக்டோபர், இரவு 11.35

ஞாயிற்றுக் கணக்கு எழுதத் தொடங்கி அஞ்சு கிழமை. 52 வேலை மிச்சம். கிழமைக்குச் சராசரி மூடுறது 7, முளைக்கிறது 5. 26 கிழமை எண்டு வருது. அதாவது புத்தாண்டையும் தாண்டி, ஏப்ரல் 21. அதுவும் ஸ்டீம் பாக்கிற நேரம் இல்லாமல். ஏப்ரல் 14 எண்டு போட்டிருந்தா அண்டைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு இருந்திருப்பம்.

பில்ட்_உடைஞ்சது
22 ஒக்டோபர், காலை 6.40

முளைக்கிற 5 எங்கயிருந்து வருது எண்டு பாத்தீங்களோ? ஒரே லெவலில இருந்தா அந்த லெவலை வெட்டலாம்.

இரண்டுபேர்_ஸ்டூடியோ
22 ஒக்டோபர், மதியம் 1.20

பாத்தம். மூண்டு, லெவல் 19இன்ர தண்ணியால. ஆள் தண்ணிக்குள்ள நிண்டு சேவ் பண்ணினா, திரும்பத் திறக்கேக்க தரைக்குக் கீழ நிக்கிறார். தண்ணி இருக்கிறது அந்த ஒரு லெவலில மட்டும். படம் கீறின ஆள் இப்ப என்னோட கதைக்கிறேல்ல.

பில்ட்_உடைஞ்சது
22 ஒக்டோபர், மதியம் 1.32

வெட்டுங்கோ. கீறின படத்தை ஸ்டீம் பக்கத்தின்ர பின்னணிக்குப் போடுங்கோ, கதைப்பார். முளைக்கிறது 2 ஆனா கிழமைக்கு 5 குறையும், பத்தரைக் கிழமை. இன்னும் நாலு ஞாயிறு எழுதிப்போட்டு வந்து எண்ணைப் போடுங்கோ. அதுவரைக்கும் பக்கத்தில "2026" எண்டு மட்டும்.